கேரட் வயலில் ஒரு குழாய்

வயலில் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாகக் கேரட் பிடுங்குகிறவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியில் வாயடைத்துப்போய் நின்றாள்.

நாலு வயசு மகளுக்கு வயிறு கல்லாக உப்பிவிட்டது. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. குடலுக்குள் நாக்குப்பூச்சிகள் பந்தாகச் சுருண்டு அடைத்திருந்தனவாம். மூன்று நாள் போராடி, கத்தி வைக்காமலே பிழைக்க வைத்தார்கள்.

"கையைக் கழுவாம ஊட்டினியாம்மா? எத்தனை தடவைதான் சொல்றது?" என்றாள் நர்ஸ்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படிக் குனிந்ததை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு ரத்தம் கொதித்தது. கழுவ மாட்டேன் என்றா சொன்னாள்? வயலில் தண்ணீர் ஏது? கேரட்டுக்குப் பாயும், மற்ற நேரமெல்லாம் மோட்டார் ரூமுக்குப் பூட்டு. சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் வரப்பில் உட்கார்ந்து மகளுக்கு ஊட்டுவாள்.

மறுபடி வேலைக்குப் போன அன்று மத்தியானம், மோட்டார் ரூமுக்குள் மேஸ்திரி சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நேராகப் போய் வாசலில் நின்றாள்.

"எங்களுக்கும் தண்ணி விடுங்க மேஸ்திரி."

"வீட்டுலயே கழுவிட்டு வர வேண்டியதுதானே?"

"வீட்டுல கழுவின கை இங்க நாள் பூரா மண்ணுலதானே கிடக்குது! கக்கூஸ் இல்லாம இருபது பொம்பளைங்க வேலியோரம் ஒதுங்குறோம். மழை பெஞ்சா அதெல்லாம் பாத்திக்குள்ளதான் வருது. இங்க விளைஞ்ச கேரட்டைத்தானே உங்க வீட்டுப் புள்ளையும் பச்சையாக் கடிக்குது?"

மேஸ்திரி ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். "முதலாளியைக் கேக்கணும்..."

"கேளுங்க. அதுவரைக்கும் ஒரு கேரட்டும் மண்ணை விட்டு வராது."

வரப்பில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதலில் அவள் நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லாரும். சரக்கேற்ற வந்த லாரி சும்மா நின்றது. லாரி நின்றதும் முதலாளி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளை மூன்று நாள் சாகக் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனுஷன்.

மறுநாளே வரப்போரம் குழாய் வந்தது, சோப்பும் வந்தது.

"இப்ப சந்தோஷம்தானே?" என்று சிரித்தார் முதலாளி.

"என் புள்ள செத்துப் பொழைச்சு வாங்கின குழாய்ங்க இது. இதுல என்ன சந்தோஷம்? கக்கூஸ் எப்பக் கட்டுறீங்க?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். அவர் இன்னும் கட்டவில்லை. அவளும் விடுவதாக இல்லை.