வெறும் இரும்பில் வடை எண்ணெய்

இரும்பில் பழைய பெயிண்ட் சுரண்டுவது பற்றி எனக்கு அந்த வசந்தத்தில் தெரியாதது எதுவுமில்லை. காணொளிகள் பார்த்தே தேறியிருந்தேன். சுரண்டும் கத்தியைக் கையில் பிடித்ததில்லை, அது ஒன்றுதான் குறை.

படகு எனக்கும் மச்சானுக்கும் பொது. மச்சான் என் மாமாவின் மகன், ஒஸ்லோவின் ஹவுகெட்டோப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இருப்பவன். இங்கிலாந்தின் ஒடுங்கிய கால்வாய்களுக்கென்று செய்த நீட்டுப் படகு அது. ஒஸ்லோவுக்கு எப்படி வந்தது என்று படகுக் கழகத்தில் எவருக்கும் தெரியவில்லை. பல குளிர்காலம் கரையில் கேட்பாரற்றுக் கிடந்ததை, எடுத்துக்கொண்டால் போதும் என்று எங்களிடம் தந்துவிட்டார்கள். நிபந்தனை ஒன்றுதான். மே மாதம் கிரேன் வந்து எல்லாப் படகுகளையும் நீரில் இறக்கும் சனிக்கிழமை, இதுவும் இறங்க வேண்டும். ஒழுங்காகப் பூசாத படகைக் கழகத் தலைவர் இறக்க விடமாட்டார். இறங்காவிட்டால் நேரே பழைய இரும்புக் கிடங்குக்கு.

"உரிந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள், போதும்," என்றார் தலைவர். நான் சிரித்தேன். காணொளியில் எல்லாரும் முழுவதும்தானே உரித்தார்கள்!

நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே ஏதோ ஆஸ்பத்திரிச் சுவரின் நிறம். துகள் மண்ணில் விழக்கூடாது என்பது கழக விதி, ஆகவே கீழே படங்கு விரித்து அதில் மல்லாந்து கிடந்து சுரண்டினோம். வேலை முடிந்தும் மச்சானின் கை அதிர்ந்துகொண்டேயிருக்கும். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பான். அவ்வளவு பாடுபட்டு ஒரு பக்கத்தை உரித்துவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் வந்து பார்த்தால் பளபளத்த இரும்பு முழுவதும் செம்மஞ்சள் துரு. ஃபியோர்டின் உப்புக் கடற்காற்றில் வெறும் இரும்பு ஓர் இரவு தாங்காதாம். உரித்த அன்றே பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசிவிட வேண்டுமாம். அந்தப் பகுதி வரும் முன்பே நான் காணொளியை நிறுத்தியிருக்கிறேன்.

சனிக்கிழமை நெருங்கிவிட்டது. ஆட்கள் வேண்டும். இப்படி நேரத்தில் நோர்வேஜியர்கள் டுக்னாட் வைப்பார்கள்: எல்லாரும் கூடிச் சம்பளமில்லாமல் வேலை செய்வது. நாங்கள் அம்மாவிடம் சொன்னோம். அம்மாவைப் பொறுத்தவரை ஆட்கள் கூடுவது என்றால் அது சாப்பாட்டு விஷயம்.

விடுமுறை வியாழனன்று மாமா, தன்னோடு பஸ் ஓட்டும் நண்பர்களை ஒரு வான் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார்.

"படகெண்டு சொன்னியள், இஞ்சை ரயில் பெட்டியெல்லோ நிக்குது," என்றார் மாமா.

"இது கால்வாயிலை ஓடுற படகு, அப்பா," என்றான் மச்சான்.

"அப்ப கால்வாய் எங்கையடா?"

சிரித்தாலும் பேய் மாதிரி வேலை செய்தார்கள். மதியத்துக்குள் படகு முழுவதும் வெறும் இரும்பாகி, வெயிலில் கண் கூசியது. பிசுக்கு இருந்தால் பூச்சு ஒட்டாது என்று தின்னர் போட்டுத் துடைத்தோம். அந்த நேரம் பார்த்து அம்மா வடையும் மட்டன் ரோல்ஸும் கொண்டு வந்து இறங்கினார். தண்ணீர்க் குழாய் தூரத்தில் இருந்ததால் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கடதாசியில் கையைத் துடைத்தார்கள். பிறகு படகைச் சுற்றி நடந்து பாராட்டினார்கள். எங்கள் ஆட்களுக்குக் கண்ணால் மட்டும் பாராட்டத் தெரியாது. கார் வாங்கினாலும் குளிர்சாதனப் பெட்டி வாங்கினாலும் தட்டிப் பார்க்க வேண்டும். "நல்ல இரும்படா," என்று தட்டினார்கள், தடவினார்கள், சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். நானே எடுத்துக் கொடுத்தேன்.

பிரைமரை உருட்டத் தொடங்கியதும்தான் விஷயம் தெரிந்தது. சாம்பல் நிறப் பூச்சு சில இடங்களில் ஒட்டாமல் சுருங்கி விலகியது. விலகிய இடத்தில் ஐந்து விரலும் ஓர் உள்ளங்கையும் தோன்றின. பக்கத்தில் இன்னொன்று. படகு முழுவதும் கைகள்.

"நான் வடையே தொடேல்லை," என்றார் மாமா அவசரமாக. "கொலஸ்ட்ரோல் எண்டு டொக்டர் சொன்னவர்."

"அப்ப இந்த மோதிரம் ஆருடையது, தம்பி?" என்று அம்மா ஒரு கையடையாளத்தைச் சுட்டிக் காட்டினார். விரலடியில் மோதிரக் கல் வரைக்கும் பதிந்திருந்தது.

தலைவர் வந்தார். தன் படகுக்குப் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்த கையுறையோடே நின்று பார்த்தார். பேரனின் பாலர் பாடசாலைச் சுவரிலும் இப்படித்தான் இருக்கிறது என்றார். "ஆனால் அந்தச் சுவரை யாரும் கடலில் இறக்குவதில்லை. இருட்டும் முன் சரி செய்யாவிட்டால் இது இரும்புக் கிடங்குக்குத்தான்."

கெட்ட பூச்சை வழித்து, தின்னரால் கழுவி, இடத்துக்கு இடம் புதுத் துணி மாற்றித் துடைத்து, மறுபடி பிரைமர் உருட்டத் தொடங்கினோம். மச்சான் படகைச் சுற்றிக் கயிறு கட்டினான். சாப்பாடும் சாப்பாட்டுக் கையும் கயிற்றுக்கு அப்பால்.

"அதுக்காகப் பசியோடை வேலை செய்யிறதோ?" என்று அம்மா கொதித்தார். கயிற்றோரம் ரோல்ஸ் தட்டோடு வந்து நின்றுகொண்டார். வேலை செய்பவர்கள் பொலிஸ் பிடித்தது போல இரண்டு கையையும் மேலே தூக்கியபடி வந்து வரிசையில் நின்றார்கள். "ஆ காட்டு," என்பார் அம்மா. மீசை வைத்த பஸ் சாரதி ஆ காட்டுவார். "மாமி, எனக்கு மிளகாய் குறைஞ்ச பக்கம்," என்றான் மச்சான்.

மாலையில் தலைவர் பரிசோதிக்க வந்தபோதும் கையுறை போட்டிருந்தார். அம்மாவுக்கு அது போதும். நோர்வேஜிய மொழியில் வாயைத் திறக்கச் சொன்னார். மனிதர் பல் வைத்தியரிடம் போல் திறந்துவிட்டார். அம்மா ஊட்டிய ரோல்ஸை மென்றபடியே, உறைப்பில் கண் கலங்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டோர்ச் அடித்துப் படகைச் சுற்றினார். பின்பக்கம் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்து ஏதோ சொன்னார். வாய் நிறைய ரோல்ஸ், ஒன்றும் விளங்கவில்லை.

"என்னவாம்?" என்றான் மச்சான்.

"பொறடா, விழுங்கட்டும்," என்றார் மாமா.

விழுங்கினார். "நாளைக்கு அடுத்த பூச்சு. சனிக்கிழமை இறக்கலாம்."

சனிக்கிழமை கிரேன் படகைத் தூக்கி, ஃபியோர்டில் மெல்ல வைத்து, பட்டிகளைத் தளர்த்தியது. கரையில் எல்லாரும் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தோம்.

"மிதக்குதடா!" என்று கத்தினார் மாமா. அந்தக் குரலில் சந்தோஷத்தைவிட ஆச்சரியமே அதிகம்.