ஒரே ஒருவர் கூடிய கூட்டம்

பழனி சேவைச் சங்கத்தின் செவ்வாய்க் கூட்டத்தைப் பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தவறவிடாதவர் பஞ்சாமிர்தக் கடை சேனாதிபதி. 1958-இல் ஒரு மழைநாளில் அவர் மட்டுமே வந்திருந்தார். மலைக் குடிசைகளில் காய்ச்சல், மேசைமேல் மருந்துப் பெட்டி, கொண்டுபோக ஆளில்லை.

“வெரசாக் கெளம்புங்க மொதலாளி, பூட்டணும்,” என்றாள் கூட்டிப் பெருக்கும் கந்தம்மாள்.

“கூட்டம் நடக்கயில குறுக்க பேசக் கூடாதும்மா.”

தலைவராக எழுந்து தம்மையே வரவேற்றார். செயலாளராக அறிக்கை வாசித்தார். பெட்டியைச் சுமக்க முன்வருவோர் கை தூக்கலாம் என்று அறிவித்தார். சபை சற்று நேரம் மழையைப் பார்த்தது. பிறகு கை தூக்கியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நன்றியுரையை ஒத்திவைத்துவிட்டு, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தார். இருட்டுமுன் மருந்து குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

போட்ட தீர்மானத்தை அன்றைக்கே செய்துமுடித்த சபையை நான் வேறெங்கும் கண்டதில்லை.