கம்பக் குழியில் வைத்த கன்று

கொடைக்கானல் மலைக் கவுஞ்சியில் எங்கள் வாலிபால் டீம் இலங்கைக்குச் சேவை செய்யப் போகிறது என்று கேட்டதும் டீக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏலே, ஒங்க தெருச் சாக்கடைய அள்ள ஒருத்தனுக்கும் குனிய வரலை. கடல் தாண்டுனா மட்டும் இடுப்பு வளைஞ்சிருமாக்கும்?"

எங்களில் பாதிப்பேரின் அப்பாமார் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். குடியரசு தினம் திங்கட்கிழமை வந்ததில் லீவும் சேர்ந்து கிடைத்தது. பேனர் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

சனிக்கிழமை மத்தியானம் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது ஆளில்லை. எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். டீம் செயலாளருக்கோ வெளிச்சம் இருக்கும்போதே போட்டோ வேண்டும். எங்கு பார்த்தாலும் சரிவு, நடுவில் ஒரே ஒரு துண்டு சமதரை. அதில் இருபது மரக்கன்று நட்டோம். இரண்டு குழி ஏற்கெனவே வெட்டிக் கிடந்தது. "பாத்தீங்களா, நமக்காகவே தோண்டி வச்சிருக்காங்க" என்று அவற்றில் கன்று வைத்தவன் நான்தான்.

எங்கள் ஊரிலும் சமதரை என்றால் பஸ் திரும்புகிற இடம்தான். பஸ் இல்லாத நேரம் பார்த்துக் கம்பம் நட்டு வலை கட்டுவோம். கம்பக் குழியைத் தினமும் பார்க்கிற பத்துப் பேரில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

சாயங்காலம் கொழுந்துச் சாக்கோடு வந்த பெண்களில் ஒருத்தி அப்படியே நின்றுவிட்டாள். தோட்டத்துப் பெண்கள் வாலிபால் டீமின் கேப்டன் அவள்.

"அண்ணே, நாளைக்குப் பின்னேரம் இங்கதான் மெச். மூணு வருசமா பக்கத்துத் தோட்டத்துக்கே போயித் தோத்துட்டு வாறோம். இப்பதான் மொத தடவையா இங்க வர ஒத்துக்கிட்டாங்க."

"மரம் வளந்தா நெழல் குடுக்கும்மா" என்றார் செயலாளர்.

"வளரட்டும். அது வரைக்கும் நாங்க எங்க வெளையாடுற?"

ஞாயிறு வெள்ளனே கன்றுகளைப் பிடுங்கி வீட்டோரங்களில் நட்டோம். நாங்கள் வெட்டிய குழிகளை மூடி, மத்தியானம் வரை மிதித்தோம். பெண்கள் சுற்றி நின்று, "அந்த அண்ணன் மிதிக்கல்ல, டான்ஸ் ஆடுறாரு" என்று வேலை வாங்கினார்கள். சேவை என்று நாங்கள் செய்தது அது ஒன்றுதான். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

எதிர் டீம் வந்து புதுமண்ணைப் பார்த்து முகம் சுளித்தது. கேப்டன் சிரிக்காமல் எங்களைக் காட்டினாள். "இந்தியாவுல இருந்து வந்து கிரவுண்டு நெரவிக் குடுத்திருக்காங்க."

அவர்கள் கை தட்டினார்கள். செயலாளர் அதைப் படம் பிடித்தார்.

ஆட்டத்தில் அவள் டீம் ஜெயித்தது. நாங்கள் அரைகுறையாக மிதித்த இடமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பந்தை அங்கேயே போட்டாள். ஓடி வந்தவர்கள் கால் புதைந்து நின்றார்கள்.

"நம்மாலதான் ஜெயிச்சாங்க" என்று ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார் செயலாளர். எங்களால் மறுக்க முடியவில்லை.