நனைத்துப் பிரித்த கட்டு

என் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

மதுராந்தகத்தை அடுத்த சிற்றூரில், அறுவடைக் கூலிக்குப் போன பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர். தானும் நாற்று நட்டுக்கொண்டே நர்சிங் படித்தார். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் ஓய்வு பெறும்வரை புண்களுக்குக் கட்டுப் போட்டார். தீக்காயத்தில் பற்பசை பூசி வருபவர்களைத் திட்டிக்கொண்டே கழுவிவிடுவார். கை மட்டும் பூப்போல இருக்கும்.

நான் நாவலூர் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுபவன், சர்க்கரை உண்டு. உள்ளங்காலில் வந்த புண் ஆறாததால் பாதத்தையே எடுக்க நேரலாம் என்றார் டாக்டர். அக்கா தினமும் காலையில் டியூட்டிக்கு முன் வந்தார். நீர் கசிந்தபோது உறிஞ்சும் பட்டை வைத்தார். வறண்டபோது ஈரம் காக்கும் ஜெல். "எல்லா புண்ணுக்கும் ஒரே கட்டு ஆவாதுடா. அதுக்கு இன்னா வேணுமோ அத்தக் குடுக்கணும்" என்பார்.

அப்படியும் ஆறவில்லை. காரணம் நான்தான். ஆப்பிளோடு வந்த உறவுகள் எல்லாரும் "எங்க, காட்டு பாக்கலாம்" என்றார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு எப்படி மறுப்பது? பிரித்துக் காட்டிவிட்டு, கிடைத்த காஸ் துணியைச் சுற்றிக்கொள்வேன். அது ஒட்டிக்கொண்டு, அடுத்தவருக்குக் காட்டும்போது புதுத்தோலையும் உரித்து வந்தது. மரத்த கால், வலி தெரியவில்லை.

விஷயம் தெரிந்ததும் அக்கா லீவு போட்டு வாசலில் நாற்காலி போட்டார். "ஆப்பிள வெச்சிட்டுப் போங்க. கால் ஒண்ணும் கண்காட்சி இல்ல." என் மனைவியின் அண்ணனான பெரிய மச்சானையே திருப்பி அனுப்பினார். மச்சான் கோபித்துக்கொண்டார், என் கால் பிழைத்தது.

கடைசி மாதங்களில் படுக்கையிலேயே கிடந்த அக்காவுக்கு முதுகில் புண் வந்தது. கட்டு மாற்றியது நான். உப்புநீர் ஊற்றி, கட்டு ஊறித் தானாக விட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். "இன்னா அவசரம், ட்ரெயினா வுடப் போற?" என்பார், திரும்பிப் பார்க்காமலே.

இறுதி நீராட்டின்போது அந்தக் கட்டைப் பிரிக்கப் பெண்கள் என்னை உள்ளே அழைத்தார்கள். "டைம் ஆவுது, இஸ்துடுப்பா. இனிமே வலிக்கவா போவுது" என்றார் ஒருவர். நான் உப்புநீரை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதன் பிறகு யாரும் அவசரப்படுத்தவில்லை. கட்டு தானாக விட்டு வந்தது.

அன்று காத்திருந்த அந்தப் பெண்களுக்கும், பழைய கோபத்தை மறந்து பாடைக்குத் தோள் கொடுத்த பெரிய மச்சானுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மறுபக்கம் நான் சுமந்தேன், இரண்டு காலாலும் நடந்து.