திருவிழா நாளில் போட்ட பில்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ரேஷன் கடையில் நிற்பவளுக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. அதனால் விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் வந்தபோது நான் பயப்படவில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அரிசி திருடி என்று பேர் வேறு. செய்யாத தப்புக்கு எதற்குத் தலை குனிய வேண்டும்? இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் கடை இருக்கும் பள்ளத்தில் சிக்னல் எட்டாது. ஜனங்கள் ரேகை வைத்து அரிசி வாங்கியதும் பில் போடுகிற மிஷின் அந்தப் பில்லைத் தனக்குள்ளேயே வைத்திருந்து, சிக்னல் கிடைக்கிறபோது அனுப்பும். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஊரே மலை உச்சிக்குக் கிளம்பிய அன்று, மிஷினைக் கடையில் விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை. குரங்குகள் கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கி, ஏற்கெனவே ஒரு தராசை நாசமாக்கியிருந்தன. பழைய மிஷின் என்பதால் அணைத்தால் மறுபடி உயிர் வர அரைநாள் ஆகும். ஓடிக்கொண்டிருந்ததை அப்படியே பொங்கல் தூக்குவாளியோடு பையில் போட்டுக்கொண்டு மலையேறிவிட்டேன். உச்சியில் சிக்னலுக்கா குறைச்சல்? முந்தின மாதம் தேங்கிக் கிடந்த பில்களெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி, திருவிழா மாதத்துப் பில்களாகப் போய் உட்கார்ந்துகொண்டன.

திருவிழா முடிந்து அரிசி வாங்க வந்தவர்களிடம், ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றது மிஷின். அது சம்மதிக்காமல் ஒரு படி அரிசி கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. எல்லாரும் வெறும் பையோடு திரும்பிப் போனார்கள். சோதனைக்கு வந்த அதிகாரி, கொடுத்ததாகப் பில் போட்ட அரிசி மூட்டை மூட்டையாகக் கடையிலேயே கிடப்பதைப் பார்த்தார். பொய்ப் பில் போட்டு, வெளியே விற்கப் பதுக்கினேன் என்று எழுதிவிட்டார். மலையில் வேறு கடைகளிலும் இதே கூத்து நடந்ததால்தான் பொது விசாரணையே வந்தது.

விசாரணை நடத்திய அம்மா பொறுமைசாலி. மிஷினைக் கொடுத்த கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்தவர்தான், பில்களைத் திரையில் போட்டுக் காட்டி, மிஷின் தப்பு செய்யாது, ஆள்தான் செய்யும் என்று ஒரே பிடியாக நின்றார். சாட்சிக்கு முதலில் கூப்பிட்டது என் பக்கத்து வீட்டு அக்காவை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். வெறும் பையோடு திரும்பியவர்களில் அவர்தான் முதல் ஆள்.

"திருவிழா மாசம் அரிசி வாங்கினீங்களா?"

"வாங்கினேனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்து வந்தவரும் வாங்கினேன் என்றார். அதற்கடுத்தவரும் அப்படியே. ஊரில் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். வாங்கியதாகச் சொல்லிவிட்டால் நான் தப்பித்துவிடுவேனாம்! கம்பெனிக்காரருக்கு வாயெல்லாம் பல். என் ஜனங்களே மிஷினுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆத்திரம் தாங்காமல் எழுந்துவிட்டேன்.

"அம்மா, இவங்க எனக்காகப் பொய் சொல்றாங்க. அக்காகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேனுங்க."

அந்த அம்மா தலையசைத்தார்.

"ஏனுங்க்கா, சேர்வராயன் திருவிழா அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"இதென்ன கேள்வி கண்ணு, உன்கூடத்தான்! பொழுதனைக்கும் மேல கோயில்கிட்டத்தான உக்காந்திருந்தோம்."

"அன்னிக்கு நீங்க அரிசி வாங்கினதா அந்தத் திரையில போட்டிருக்குது பாருங்க. உங்களுக்கு மட்டுமில்ல, ஊருக்கே. அத்தனை மூட்டையும் நான் தலையில வெச்சு மலைமேல கொண்டாந்தேனுங்களா?"

கூடம் சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினேன். "சார் வந்திருந்தா உங்களுக்கும் ஒரு வாய் பொங்கல் குடுத்திருப்பேனுங்க."

அப்புறம் அந்த அம்மா கம்பெனிக்காரரைக் கேட்ட கேள்விகளுக்கு, அவர் தண்ணீர் குடித்துக் குடித்துப் பதில் சொன்னார். தேங்கிய பில் மாதம் மாறிப் போக வாய்ப்பு உண்டு என்று கடைசியில் அவர் வாயாலேயே வந்தது. என் மேல் குற்றமில்லை, கடையைத் திறக்கலாம் என்று அந்த அம்மா எல்லார் முன்னாலும் சொன்னார். நான் நிமிர்ந்து வெளியே வந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதுக்குங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"உன்ற புள்ளைங்க படிக்கோணுமல்ல கண்ணு. நாங்க அந்த மாசம் களியக் கிண்டித் தின்னு ஓட்டிட்டோம். என்ன கஷ்டமோ, எடுத்துட்டா, போகட்டும்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். நீ நொம்ப நல்லவ சாமி."

அத்தனை பேரும் பட்டினியைப் பொறுத்துக்கொண்டு எனக்காகப் பொய் சொல்ல வந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் மிஷினை நம்பியிருக்கிறார்கள்.

"நான் எடுக்கலீங்க்கா. அந்தம்மா சொன்னதக் கேட்டீங்கல்ல?"

அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"சரி கண்ணு. நீ எடுக்கல."

காலையில் "வாங்கினேனுங்க" என்று சொன்னாரே, அதே குரலில்தான் சொன்னார்.