அப்பா, மிஸ் யூ

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து புதுச்சத்திரத்துக்கு முன்னால் டயர் வெடித்து நிற்கிறது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நிற்கிறோம். என் பக்கத்து இருக்கையில் வந்த மீனவர் மட்டும் சாலையோரம் நின்று, வருகிற லாரிக்கெல்லாம் கை காட்டுகிறார். அவர் லுங்கியில் மீன் செதில் ஒட்டியிருக்கிறது.

"என்னண்ணே அவசரம்?"

"எம்பொண்ணு அண்ணாமலை நகர் ஆஸ்டல்ல தங்கிப் படிக்குது சார். காலையில மெசேஜ் வந்துச்சு. மிஸ்ஸுன்னா காணாமப் போறதுன்னு மச்சான் சொல்றான். போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்குது."

செல்போனை நீட்டுகிறார். 'அப்பா மிஸ் யூ' என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது.

"பஸ்ஸ விட்டாலும் மிஸ்ஸுதான், ஆள் காணாமப் போனாலும் மிஸ்ஸுதான். ஆனா பொண்ணு போட்டது வேறண்ணே. உங்க நெனப்பாவே இருக்காம். பாக்கணும்னு ஏக்கமா இருக்காம். கிளாஸ்ல இருக்கும், அதான் எடுக்கல."

அவர் மைல் கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார். தோள் குலுங்குகிறது. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறேன்.

"அப்ப ஊருக்குத் திரும்பிடுறீங்களா?"

"இல்ல சார், பாத்துட்டே போறேன். அப்பா வர்றேன்னு போட்டுடுங்க."

எழுத்துகளைத் தட்டுகிறேன். அவர் தயங்கிக் கேட்கிறார்.

"அந்த மிஸ்ஸு... அத அப்பாவுங்களும் போடலாமா சார்?"

"தாராளமா போடலாம்ணே."

"அப்ப அதையும் சேத்துப் போடுங்க."

அடுத்த பேருந்து வருகிறது. எல்லோரும் இடம் பிடிக்க ஓடுகிறார்கள். அவர் மட்டும் செய்தி போய்விட்டதா என்று திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.