எண்பதில் ஆடும், நூற்றுப்பத்தில் ஆடாது

"யோவ், எந்த வேகத்துல ஆடுதுன்னுதான கேட்டேன்? நீ வண்டி வாங்குன கதையைச் சொல்ற!"

டயர் கடையின் ஷட்டர் பாதி ஏறும்போதே அவர் வாய் முழுதாகத் திறந்துவிடும். வீல் பேலன்ஸ் பார்க்கும் இவருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் மிளகாய். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று வருபவர்களிடம் அவர் கேட்பது மூன்றே கேள்விகள். எந்த வேகத்தில்? ஆட்டம் கையில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? பிரேக் மிதித்தால் கூடுகிறதா? கையில் என்றால் முதலில் முன் சக்கரத்தைப் பார்ப்பார், சீட்டில் என்றால் பின் சக்கரத்தை. மிதிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க். இதற்கு நேராகப் பதில் சொன்ன மனிதரை அவர் இன்னும் பார்க்கவில்லை. ஒருவர் மைத்துனர் சொன்னதைச் சொல்வார், இன்னொருவர் போனில் வீடியோ காட்டுவார். அலைன்மென்ட் மட்டும் பார்த்தால் போதும் என்று உத்தரவு போடுபவரைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அலைன்மென்ட் போனா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். இது ஆடுது. இழுக்குறதும் ஆடுறதும் ஒண்ணா? வயித்து வலிக்குக் கண்ணாடி மாட்டுவியா?"

டயர் இடுக்கில் சிக்கிய கற்களை ஸ்க்ரூடிரைவரால் தோண்டி எடுத்து, உரியவர் உள்ளங்கையிலேயே வைப்பார். "வச்சுக்க, உன் சொத்து." பிறகு சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுழற்றி, எடை குறைகிறது என்று அது காட்டும் இடத்தில் ஈயத் துண்டைச் சுத்தியலால் தட்டிப் பொருத்துவார். தட்டுக்கு ஒரு வசவு. வசவு குறைந்தால் வேலையும் குறைந்துவிட்டதோ என்று வாடிக்கையாளர்களே சந்தேகப்படுகிறார்கள்.

ஊரையே ஒரு பிடி பிடிக்கும் இந்த மனிதர் ஒரே ஒருவர் முன்னால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார். மருமகன். "பொண்ணைக் கொடுத்த இடம். வாயைத் திறக்க முடியுமா?" என்பார், பல்லைக் கடித்துக்கொண்டு.

போன வாரம் அந்த மருமகனே காரோடு வந்து நின்றார். பின் சீட்டில் மகள், மடியில் தூங்கும் கைக்குழந்தை. அப்படியே வெளியூர் கிளம்புகிறார்களாம்.

"எண்பதுல ஸ்டீயரிங் ஆடுது மாமா. ஆனா ஒண்ணும் பிரச்சினை இல்ல, நூத்திப்பத்துக்கு ஏத்திட்டா நின்னுடுது. அதனால நான் வேகமாவே போயிடுறேன்."

மிளகாயின் காது மடல்கூடச் சிவந்துவிட்டது. "அப்படிங்களா மாப்ள" என்றார். அவ்வளவுதான்.

"நான் சொன்னா கேட்டாத்தானேப்பா" என்றாள் மகள்.

அவர் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போனார். முன் சக்கரம் கழன்று கைக்கு வந்ததும் அதைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார். "அறிவிருக்கா உனக்கு? ஆடுதுன்னா ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். என்னன்னு கேட்க மாட்டே, இன்னும் மிதிப்பே? பச்சப்புள்ளையை வச்சுக்கிட்டு?"

"மாமா டயரைக்கூட விடமாட்டேங்குறாரு" என்று மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

சக்கரத்தைத் திருப்பியவரின் வாய் சட்டென்று நின்றது. டயரின் உள்பக்கத்தில், வண்டிக்கு வெளியே நின்றால் கண்ணில் படாத இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். எங்கோ பள்ளத்தில் அடிபட்டு உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. ஓட்டத்தில் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். ஆட்டம் நின்றுவிட்டது என்று அந்த ஆள் நிம்மதியாக மிதித்த வேகத்தில், இதன் மேல்தான் இத்தனை நாளும் அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டு போயிருக்கிறது.

"வீக்கம்தானே மாமா? இப்போதைக்கு பேலன்ஸ் மட்டும் பண்ணிக் கொடுங்க. டயரைத் திரும்பி வந்து மாத்திக்கலாம். நேரமாச்சு." இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

மிளகாய் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மாப்ள, கொஞ்சம் கையைக் கொடுங்க."

கல்யாணத்தன்று குலுக்கியதோடு சரி, அதன்பின் அந்தக் கையை அவர் தொட்டதில்லை. இப்போது கரி படிந்த விரல்களால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, வீக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, தன் கையால் மூடி அழுத்தினார். மருமகன் உருவிக்கொள்ளப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு முழுதாக நிற்கும்வரை அவர் விடவில்லை.